டிராக் ஃப்ளிக் அப்புறம், முதல்ல நாலாம் கிளாஸ்

போன வாரம் ஒரு தம்பி பயோடேட்டா அனுப்பியிருந்தான். எங்க கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். மாநில அளவுல ஆடியிருக்கான். டிகிரி முடிச்சிட்டு பாட்டியாலா போய் ஹாக்கி கோச்சிங்ல டிப்ளமோவும் வாங்கிட்டு வந்துட்டான். "அண்ணே, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாலும் பதிலே வரமாட்டேங்குது. இதுல என்ன குறையுதுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே"ன்னு கீழ ஒரு வரி.

பாத்தேன்.

டிராக் ஃப்ளிக் (பெனால்டி கார்னர்ல பந்தை ஸ்டிக்கால இழுத்துச் சுண்டி விடுறது) தனிப்பயிற்சி. பெனால்டி கார்னர் வேரியேஷன். வீடியோ அனாலிசிஸ். ஹை பிரஸ், ஹாஃப் கோர்ட் பிரஸ். எல்லாமே அவனுக்குத் தெரியும், சந்தேகமே இல்ல. மூச்சைப் பிடிச்சுப் படிச்சிருக்கான். ஆனா ரெண்டு பக்கமும் தேடிட்டேன், சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றதைப் பத்தி ஒரு வரி இல்ல.

எனக்கு எரிச்சல் வந்தது அவன் மேல இல்லங்க. இவ்வளவு செலவு பண்ணி, ஊரு விட்டு ஊரு போய்ப் படிச்ச பையனுக்கு, நாளைக்கு உனக்குச் சம்பளம் கொடுக்கப் போறது யாருன்னு ஒருத்தரும் சொல்லி அனுப்பலையே. அந்த எரிச்சல்லதான் எழுத உக்காந்தேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ஹாக்கிக்கு இது பொற்காலம் மாதிரி தெரியும். தப்பில்ல. 2023ல சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, ஃபைனல்ல மலேசியாவை 4-3னு ஜெயிச்சோம். 2025 கடைசியில ஜூனியர் உலகக்கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்துச்சு. 24 அணிகள்! மதுரையில உலகக்கோப்பை ஹாக்கி நடக்கும்னு சின்ன வயசுல யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன். ஸ்ரீஜேஷ் கோச்சா இருந்து நம்ம பசங்க வெண்கலம் வாங்குனாங்க. டிவியில பாத்த எங்க சொந்தக்காரர் ஒருத்தர் உடனே போன் பண்ணாரு. "மாப்ள, இனிமே உங்க கோச்சுங்களுக்கெல்லாம் வேலை கொட்டும்ல?"

வேலை இருக்கு மாமா. ஆனா ஸ்டேடியத்துக்குள்ள இல்ல.

இந்த ஊர்ல ஹாக்கி ஆடி வேலைக்குப் போன அண்ணன்மாரை நிறையப் பாத்திருக்கேன். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., தமிழ்நாடு போலீஸ்னு டீம் வச்சிருக்கற இடங்கள்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேருவாங்க. குடும்பமே தலை நிமிரும். ஆனா அது ஆட்டக்காரனுக்கான வேலை. அந்த டீமுக்குக் கோச் வேணும்னா பெரும்பாலும் அங்கேயே வேலை பாக்குற பழைய ஆட்டக்காரர் ஒருத்தர் பாத்துக்குவாரு. வெளியில இருந்து ஒரு டிப்ளமோ பையனைக் கூப்பிட்டு உக்கார வைக்க மாட்டாங்க. மாநில டீம், அகாடமி இதெல்லாம் விரல் விட்டு எண்ணுற இடங்கள்.

அப்ப மிச்ச இடம் எங்க?

நாலாம் கிளாஸ், அஞ்சாம் கிளாஸ், ஆறாம் கிளாஸ். சாயந்தரம் நாலரை மணி. சரளும் கரிசலும் கலந்த ஒரு கிரவுண்ட். அங்கதான் இருக்கு.

நான் கோச் வேலை தேட ஆரம்பிச்சப்ப எனக்கும் ஒரு பதிலும் வரல. ஊர் ஊரா பயோடேட்டா கொண்டு போய்க் கொடுத்தேன். சில இடத்துல வாட்ச்மேன் அண்ணாச்சியே வாங்கி வச்சுக்குவாரு, அதுக்கப்புறம் அது எங்க போச்சுன்னு தெரியாது. கூப்பிட்ட ஒண்ணு ரெண்டு இடத்துலயும் கரஸ்பாண்டென்ட் கேக்குற முதல் கேள்வி: "கிரிக்கெட்டும் சொல்லித் தருவீங்களா சார்?" ரெண்டாவது கேள்வி: "ஆனுவல் டேக்கு மார்ச் பாஸ்ட் பழக்கி விட்டுருவீங்கள்ல?"

கதவு திறந்தது ஒரு பி.டி. மாஸ்டராலதான். (வேலை தேடுறவங்க இதைக் குறிச்சுக்கங்க. பள்ளிக்கூடத்துல ஹாக்கி வேணுமா வேணாமான்னு முதல்ல முடிவு பண்றது பி.டி. சார்தான். கரஸ்பாண்டென்ட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி அவரைப் பாருங்க. குறுவட்டப் போட்டி, பாரதியார் தினக் குழு விளையாட்டு, ஜவஹர்லால் நேரு ஹாக்கி இதெல்லாம் நடக்குற இடத்துக்குப் போனா மாவட்டத்துல இருக்கற அத்தனை பி.டி. சாரும் ஒரே கிரவுண்ட்ல நிப்பாங்க. கோடு போட, டேபிள்ல உக்காந்து ஸ்கோர் எழுத ஆள் தேடிட்டு இருப்பாங்க. போய் நில்லுங்க. அம்பயரிங் தெரிஞ்சா இன்னும் நல்லது.) அப்படி ஒரு போட்டியில விசில் பிடிச்சுட்டு நின்னப்ப அந்த சார் பழக்கமானாரு. ஒருநாள் போன் பண்ணி, "தம்பி, எங்க ஸ்கூல்ல பழைய ஸ்டிக் ஒரு பன்னெண்டு கிடக்கு. பிள்ளைங்க நாப்பது பேர் வருவாங்க. வந்து ஒரு டெமோ எடுத்துக் காட்டுங்க. மேனேஜ்மென்ட்ல இருந்து பாப்பாங்க"ன்னாரு.

நாப்பது பிள்ளைங்க, பன்னெண்டு ஸ்டிக். இதை எந்த டிப்ளமோவுலயும் பாடமா வச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா கோச் வேலைக்கான உண்மையான பரீட்சை இதுதான்.

வரிசை கட்டி நிக்க வச்சு ஒவ்வொருத்தனா வந்து அடிச்சுட்டுப் போன்னு சொன்னா முடிஞ்சது கதை. முதல் ஆள் அடிக்கும்போது முப்பத்தொம்பது பேர் சும்மா நிப்பான். அஞ்சாவது நிமிஷம் ரெண்டு பேர் மண்ணுல உருளுவான், ஒருத்தி அழுவா. அதனால கிரவுண்டை நாலா பிரிச்சேன். ஒரு மூலையில ஸ்டிக்கே இல்லாம ஜோடி ஜோடியா பந்தைக் கையால உருட்டிக் காலை மடக்கிக் குனிஞ்சு பிடிக்கற விளையாட்டு. (ஹாக்கியில பாதி குனியறதுதான்.) இன்னொரு மூலையில ஆறு ஸ்டிக், ஆறு டென்னிஸ் பந்து, புஷ் (ஸ்டிக்கை ஓங்காம பந்தைத் தள்ளுறது) மட்டும். மூணாவது மூலையில ஸ்கூல் பேக்கைக் கோல் போஸ்ட்டா வச்சு மூணு பேருக்கு மூணு பேர் ஆட்டம். நாலாவது மூலையில ஓட்டப்பந்தயம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை விசில், இடம் மாறணும்.

நிஜ ஹாக்கிப் பந்தை அன்னைக்குப் பையில இருந்து வெளிய எடுக்கவே இல்ல. அது 156 கிராமுக்குக் குறையாது, கல்லு மாதிரி இருக்கும். சரள் மண்ணுல எங்க எகிறும்னு யாருக்கும் தெரியாது. ஒரு பிள்ளைக்குப் பல்லுல பட்டா அந்தப் பள்ளிக்கூடத்துல ஹாக்கி அன்னைக்கே முடிஞ்சிரும். அந்தப் பிள்ளைக்கும் வாழ்நாள் முழுக்க பயம். டென்னிஸ் பந்துல ஆரம்பிங்க. ஹிட்டுக்குத் தடை போடுங்க. புஷ்ஷும் ஸ்டாப்பிங்கும் வந்தப்புறம்தான் மத்ததெல்லாம்.

அன்னைக்கு ஒரு பொண்ணு இருந்தா, அஞ்சாம் கிளாஸ். ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சார், நான் லெஃப்ட் ஹேண்டு. எனக்கு வேற ஸ்டிக் இருக்கா?"ன்னா. இல்ல. ஹாக்கியில இடதுகைக்காரங்களுக்குன்னு தனி ஸ்டிக் கிடையாது, விதியும் அதை அனுமதிக்காது. அவ முகம் சுருங்கிப் போச்சு. பக்கத்துல உக்காந்து காட்டுனேன். "பாரும்மா, ஸ்டிக்கோட உச்சியைப் பிடிக்கறது எந்தக் கை? இடது கை. பந்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொண்டு போக ஸ்டிக்கைத் திருப்புறது எந்தக் கை? அதுவும் இடது கை. வலது கை சும்மா கீழ தாங்கிக்கிட்டு இருக்கும். மத்தவங்க எல்லாம் இடது கையைப் பழக்கணும். உனக்கு அது பொறக்கும்போதே பழகிருச்சு." அவ்வளவுதான், எந்திரிச்சு ஓடுனா பாருங்க! அன்னைக்கு அவளை நிறுத்தவே முடியல.

வராண்டாவுல நின்னு பாத்துட்டு இருந்த மேடம் (பள்ளிக்கூடத்தை நடத்துறவங்க) கடைசியில என்கிட்ட என் சர்டிபிகேட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "ஒரு பிள்ளைகூட சும்மா நிக்கலையே சார்"னாங்க. அடுத்த மாசத்துல இருந்து வாரம் மூணு நாள்.

அதனாலதான் அந்தத் தம்பிக்குச் சொன்னேன்: டிராக் ஃப்ளிக்கைப் பயோடேட்டாவுல கடைசிக்குக் கொண்டு போ. முதல்ல, பத்து வயசுப் பிள்ளைங்க நாப்பது பேரை ஒரு மணி நேரம் பத்திரமா, சலிப்பில்லாம வச்சிருப்பேன்னு எழுது. அதை ஒரு நிமிஷ வீடியோவா எடுத்து வை. உங்க தெருப் பிள்ளைங்களை வச்சே எடு. முகம் தெரியாம தூரத்துல இருந்து எடு, பெத்தவங்ககிட்டக் கேட்டுட்டு எடு.

சரி, சர்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம். சர்டிபிகேட் வேணாம்னு நான் சொல்லவே இல்ல. அரசாங்க வேலைன்னா அது இல்லாம வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

பாட்டியாலா என்.ஐ.எஸ்ஸோட ஒரு வருஷ டிப்ளமோவுக்கு இன்னும் மதிப்பு ஜாஸ்தி. சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மாதிரி இடங்கள்ல கோச் வேலைக்கு அறிவிப்பு வந்தா முதல் தகுதியா அதைத்தான் போடுவாங்க. ஆறு வாரச் சர்டிபிகேட் கோர்ஸும் இருக்கு. அது கத்துக்கறதுக்கு நல்லது, தனியார் பள்ளிக்கூடத்துக்கும் போதும். ஆனா டிப்ளமோ கேக்குற இடத்துல அதைக் காட்டி நிக்க முடியாது. இது தெரியாம ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுப் போய் ஏமாந்த பசங்களை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம் ஹாக்கி இந்தியாவோட கோச் கல்விப் பாதை இருக்கு. பேசிக், லெவல் 1னு ஏறி எஃப்.ஐ.எச். (உலக ஹாக்கி சம்மேளனம்) லெவல் வரைக்கும் போகலாம். அதுக்கு மாவட்ட, மாநில யூனிட்டோட தொடர்பு விட்டுப் போகாம பாத்துக்கணும். என் கருத்து: கையில காசு கம்மியா இருந்தா ஹாக்கி இந்தியா பேசிக் முதல்ல, டிப்ளமோ அப்புறம்.

அப்புறம் பி.பி.எட்., உடற்கல்வி ஆசிரியர் படிப்பு. இது பெரிய விவாதம் எங்க பசங்களுக்குள்ள. "நான் கோச்சு, பி.டி. வாத்தியார் இல்ல"ன்னு வீறாப்பாச் சொல்லுவாங்க. அந்தப் பெருமை எனக்குப் புரியுது. ஆனா தமிழ்நாட்டுல உடற்கல்வி ஆசிரியர்ங்கற பணியிடம் இருக்கு, ஹாக்கி கோச்ங்கற பணியிடம் எத்தனை பள்ளிக்கூடத்துல இருக்கு? இந்த மாவட்டத்துல ஹாக்கியை இத்தனை காலமா உயிரோட வச்சிருக்கறவங்க பெரும்பாலும் பி.டி. சாருங்கதான். காலையில ஆறு மணிக்கு சைக்கிள்ல வந்து கோடு போட்டவங்க. அந்தப் படிப்பு கையில இருந்தா மாசச் சம்பளத்தோட ஹாக்கியும் சொல்லித் தரலாம். முடிஞ்சா படிச்சு வைங்க. அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல.

வாய்ப்பு எங்கெல்லாம் வரும்னு கேக்குறவங்களுக்கு வேகமாச் சொல்லிடறேன். கேந்திரிய வித்யாலயாக்கள்ல ஒப்பந்த அடிப்படையில ஸ்போர்ட்ஸ் கோச் எடுப்பாங்க. பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் வாக்குல வாக்-இன் இன்டர்வியூ, அந்தந்தப் பள்ளியோட வெப்சைட்லயே போடுவாங்க. எஸ்.டி.ஏ.டி.யோட (தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்) விடுதிகள், அகாடமிகளுக்கு அப்பப்ப அறிவிப்பு வரும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல போய்க் கேட்டுட்டே இருக்கணும். கேலோ இந்தியா மையங்கள்ல தேசிய அளவுல சாதிச்ச பழைய ஆட்டக்காரங்களைக் கோச்சா வைக்கறாங்க, மாசம் 25,000 ரூபாய் கணக்கு. பதக்கம் வச்சிருக்கற அக்கா அண்ணன்மார் அதைக் கண்டிப்பாப் பாக்கணும். ஊரை விட்டுப் போகத் துணிச்சல் இருந்தா ஒடிசா. 2018ல இருந்து இந்திய அணிக்கே ஸ்பான்சர் அந்த மாநிலம்தான். புவனேஸ்வர்ல டாட்டாவோட சேந்து உயர்திறன் மையம் நடத்துறாங்க, சுந்தர்கர் பக்கம் கிராமத்துப் பிள்ளைங்களுக்குன்னு அடிமட்ட மையங்களும் இருக்கு. ஹிந்தி கொஞ்சம் வேணும்.

வெளிநாடு? இங்கிலாந்துல தனியார் பள்ளிக்கூடங்கள்ல ஹாக்கி பெரிய ஆட்டம். அமெரிக்காவுல பெரும்பாலும் பொண்ணுங்கதான் ஆடுறாங்க, காலேஜ் டீமுக்கெல்லாம் முழுநேர கோச் இருப்பாங்க. ஆனா விசா ஒரு பெரிய மலை. யாராவது ஏஜென்ட் "கோச் வேலை வாங்கித் தர்றேன், முன்பணம் கொடு"ன்னா தயவுசெஞ்சு கொடுக்காதீங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாத் தோணுற ஒரு விஷயம். பொம்பளை கோச்.

பொண்ணுங்க டீம் வச்சிருக்கற பள்ளிக்கூடம் பூராவும் பொம்பளை கோச்சைத் தேடிக்கிட்டு இருக்கு. நான் போற ஒவ்வொரு போட்டியிலயும் யாராவது ஒரு ஹெச்.எம். கேட்டுருவாங்க, "லேடி கோச் யாராவது இருந்தாச் சொல்லுங்க சார்"னு. வெளியூர் மேட்சுக்குக் கூட்டிட்டுப் போகணும், ராத்திரி தங்கணும், பிள்ளைக்கு வயித்துவலின்னா யார்கிட்டச் சொல்லும்? பெத்தவங்க அனுப்பறதே அதைப் பொறுத்துதான். ஆனா ஆடி முடிச்ச பொண்ணுங்கள்ல எத்தனை பேர் கோச்சிங் பக்கம் வர்றாங்க? கல்யாணம் ஆயிருது, ஸ்டிக் பரண்ல ஏறிருது. மாநிலத்துக்கு ஆடுன ஒரு அக்கா இன்னைக்கு ஜவுளிக்கடையில பில் போட்டுட்டு இருக்காங்க. அவங்களை மாதிரி சென்டர் ஹாஃப் ஆடுனவங்களை அதுக்கப்புறம் இந்த ஊர்ல நான் பாக்கல. இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல அவங்களைப் பேச வச்சிருக்கேன். வாரம் ரெண்டு நாள்னு ஆரம்பிக்கட்டும்னு சொல்லியிருக்கேன், அவங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. எனக்கு அதுல அவ்வளவு சந்தோஷம்.

(அக்கா, தங்கச்சிங்க யாராவது இதைப் படிச்சா, நீங்க ஆடுன சர்டிபிகேட் எல்லாத்தையும் பீரோவுல இருந்து எடுத்து ஒரு ஃபைல்ல போடுங்க. இன்னைக்கே.)

பெத்தவங்களைப் பத்தியும் சொல்லணும். முதல் மீட்டிங்லயே, "சார், இதுல சர்டிபிகேட் கிடைக்குமா? இன்ஜினியரிங் சீட்டுக்கு உதவுமா?"ன்னு கேப்பாங்க. சில கோச்சுக்கு இதைக் கேட்டாலே கோவம் வரும். எனக்கு வராது. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற அம்மா தன் பிள்ளையோட ரெண்டு மணி நேரத்தை எனக்குக் கொடுக்குது. அதுல என்ன பலன்னு கேக்க அதுக்கு முழு உரிமை இருக்கு. ஸ்போர்ட்ஸ் கோட்டா எப்படி வேலை செய்யுது, எந்தப் போட்டியோட சர்டிபிகேட் எதுக்குச் செல்லும்னு கோச்சுக்குத் தெரிஞ்சிருக்கணும். பொய் நம்பிக்கையும் கொடுக்கக் கூடாது. கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில இந்தியாவுக்கு ஆடுனதைச் சொல்லுவேன். கூடவே, இந்தியாவுக்கு ஆடாமப் போன நூறு பிள்ளைக்கும் இந்த ஆட்டம் என்ன கொடுத்துச்சுன்னும் சொல்லுவேன்.

கடைசியா காசு. இதைப் பத்தி எங்க ஆளுங்க வாயே திறக்க மாட்டாங்க. "சார் மேல மரியாதை, எப்படிக் கேக்குறது"ன்னு தயங்கித் தயங்கி வருஷம் ஓடிரும்.

இந்தப் பக்கம் பார்ட் டைம் கோச்சுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல கிடைக்கறதை வச்சுக் குடும்பம் நடத்த முடியாது. அதனால பெரும்பாலானவங்க ரெண்டு பள்ளிக்கூடம், காலையில ஒண்ணு சாயந்தரம் ஒண்ணுன்னு ஓடுறோம். அது பரவாயில்ல. வலிக்கறது வேற. நான் வேலை பாத்த ஒரு பள்ளிக்கூடத்துல (பேர் வேணாம்) பஸ் டூட்டி, எக்ஸாம் ஹால் டூட்டின்னு எல்லாத்துக்கும் என்னையக் கூப்பிடுவாங்க. ஆனா ஏப்ரல் வந்தா, "லீவுதானே சார், ஜூன்ல வாங்க"ன்னுருவாங்க. சம்பளமும் ஜூன்லதான். ரெண்டு மாசம் வீட்ல அடுப்புக்கு லீவு விட முடியுமா? பிள்ளைங்க மாவட்ட அளவுல ஜெயிச்சப்ப என் கையில கப்பைக் கொடுத்து போட்டோ எடுத்தாங்க. அந்த மே மாசம் நான் கடன் வாங்குனேன். இது கோச் ஒருத்தருக்கும் நடக்கக் கூடாது.

அதனால சேரும்போதே ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. வாரம் எத்தனை நாள், எத்தனை மணி நேரம். மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனா பஸ் செலவும் சாப்பாடும் யாரு. ஸ்டிக் உடைஞ்சா யாரு வாங்கணும். கோல்கீப்பர் செட் இருக்கா (பேடு, கிக்கர், ஹெல்மெட், செஸ்ட் கார்டு எல்லாம் சேந்தது, அது இல்லாம கோல்ல ஒரு பிள்ளையை நிறுத்த மாட்டேன்னு சொல்லுங்க, இதுல மட்டும் இறங்கிப் போகாதீங்க). பிள்ளைக்கு அடிபட்டா எந்த ஆஸ்பத்திரி, யாரு கூட்டிட்டுப் போறது. உங்களுக்கு போலீஸ் வெரிபிகேஷன் வேணும்னு அவங்க கேட்டா சந்தோஷமாக் கொடுங்க. கேக்கலைன்னாலும் நீங்களே எடுத்துட்டுப் போங்க, பிள்ளைங்களோட பழகுற வேலை இது.

ஏப்ரல், மே சம்பளத்தை முதல் நாளே கேட்டுருங்க. அதுக்கு மட்டும் கையை விரிச்சாங்கன்னா, அந்த ரெண்டு மாசமும் கிரவுண்டைக் கொடுங்க, நானே சம்மர் கேம்ப் நடத்திக்கறேன், பீஸ்ல உங்களுக்கு இவ்வளவு எனக்கு இவ்வளவுன்னு கேளுங்க. நிறையப் பள்ளிக்கூடம் இதுக்குச் சரின்னுடறாங்க. இப்ப நான் அப்படித்தான் நடத்துறேன். காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிச்சிரணும், அதுக்கு மேல எங்க ஊர் வெயில் தாங்காது. தண்ணிக்கேன் ரெண்டு, ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு கட்டு, டென்னிஸ் பந்து ஒரு பை.